பாத்திரத்துக்குப் போன கோட்டு

முடி வெட்டிக்கொண்டு வந்து, குளித்து, ஈரத் தலையோடு அலமாரியைத் திறந்தேன். மூன்று மணிக்கு மாதாப்பூரில் நேர்காணல். கோட்டை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட மாட்டலாம் என்று நினைத்திருந்தேன். கம்பியில் வெறும் ஹேங்கர்கள் தொங்கின. கோட்டைக் காணோம். நீல லினன் சட்டையைக் காணோம், காக்கிப் பேன்ட்டைக் காணோம், கைத்தறி வெள்ளைச் சட்டையையும் காணோம். மூலையில் ஒரே ஒரு பாலியெஸ்டர் சட்டை மட்டும் ஊதா நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. போன தீபாவளிக்கு மாமியார் எடுத்துக் கொடுத்தது அது.

திருடன் வந்திருந்தால் டிவியை விட்டுவிட்டா போயிருப்பான் என்று யோசிக்கும் அளவுக்குத்தான் அப்போது மூளை வேலை செய்தது. கூடத்துக்கு வந்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, என் கோட்டை எங்கயாவது பாத்தீங்களா?"

"ஹவ், ஆமா மாப்ளே, பழசையெல்லாம் நேத்து எடுத்து பாத்திரக்காரிக்குப் போட்டுட்டேன்" என்றார், தலை நிமிராமல். "நல்ல கனமான குண்டான் குடுத்தா. உங்க இன்டர்வியூ நல்லபடியா நடக்கட்டும்னு அதுலயே பால் காய்ச்சி வெச்சிருக்கேன். குடிச்சிட்டுக் கிளம்புங்க."

எட்டிப் பார்த்தேன். சமையல் மேடையில் புத்தம் புதிய எவர்சில்வர் குண்டான் மினுமினுவென்று உட்கார்ந்திருந்தது. பாலில் ஆடை கட்டியிருந்தது.

எங்கள் ஹப்சிகுடா சந்தில் அந்தப் பெண்கள் அடிக்கடி வருவார்கள். தலையில் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. பழைய துணியைப் போட்டால் புரட்டிப் பார்த்து, உதறிப் பார்த்து, பேரம் பேசிப் பாத்திரம் தருவார்கள். சேலத்தில் என் அம்மாவும் இதைச் செய்தவர்தான். அதில் தப்பே கிடையாது. ஆனால் அத்தை போட்டது பழைய துணி இல்லை, என் மூன்று வருட உழைப்பு.

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் மாமியாரிடம் கத்தி நான் பழகியதில்லை. லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மாமனார் காலமான பிறகு, அத்தை தனியாக இருக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கூட்டி வந்ததே நான்தான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரை ஓங்கிக் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்த மனைவிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, அம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். உங்க கோவம் எனக்குத் தெரியும்" என்றாள்.

"கோவமா? எனக்கா?" என்று கத்தினேன்.

அந்தக் கோட்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் திரைக்குப் பின்னால் இருந்து மென்பொருளைப் பழுது பார்க்கிற கூட்டம் ஒன்று, வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்கிற கூட்டம் ஒன்று. நான் முதல் கூட்டம். இரண்டாவதற்குப் போக இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் திரும்பி வந்தேன். கடைசி முறை அந்தப் பிரிவின் மேலாளர், "உங்களுக்கு வேலை நல்லாத் தெரியும். ஆனா ஒரு பிரசன்ஸ் வேணுமே" என்றார். சொல்லும்போது அவர் கண் என் காலரில் தொடங்கி ஷூ வரைக்கும் இறங்கியது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இப்போது எங்கள் பிரிவையே மார்ச்சோடு மூடப் போகிறார்கள். இந்த நேர்காணலில் தேறினால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக் கடன் பாதிக்கு மேல் பாக்கி, மகள் பத்தாவது. நாற்பத்துநான்கு வயதுக்காரனுக்கு வெளியே யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள்?

ஆக, அந்த 'பிரசன்ஸ்' என்பதைச் சம்பாதித்தே தீருவது என்று இறங்கினேன். பெரிய கடைகளில் நுழையும் வசதி இல்லை. மலிவான புதுச் சட்டைகள் நாலு சலவைக்குள் தொங்கிப் போகும். பிறகுதான் ஒன்று புரிந்தது. நல்ல துணியில், நல்ல கையால் தைக்கப்பட்ட உடுப்பு யாரோ சில வருடம் போட்டிருந்தாலும் அதன் தரம் போகாது. எர்ரகட்டா ஞாயிற்றுச் சந்தையில் அப்படிப்பட்டவை மலையாகக் குவிந்து கிடக்கும். விடிந்ததும் போய்விடுவேன். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். பாக்கெட்டில் ஓடும் வரி சட்டையின் வரியோடு சேர்கிறதா என்று பார்ப்பேன். துணியைக் கசக்கி வெளிச்சத்தில் பிடிப்பேன். தோள் பொருந்தினால் வாங்கலாம், மற்ற எதையும் டெய்லர் சரி செய்துவிடுவார். தோள் பொருந்தாவிட்டால் தங்கத்தில் நெய்திருந்தாலும் வேண்டாம். நீலம், சாம்பல், வெள்ளை, காக்கி, இந்த நாலைத் தாண்டுவதில்லை என்று சபதம். அப்போதுதான் எதை எடுத்தாலும் எதனோடும் சேரும், பத்து உருப்படி முப்பதுபோல் தெரியும். ஷூ ஒரே ஜோடி, அதற்கும் புது அடி போட்டு வாங்கினேன். "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இவ்வளவு நேரம் பாக்கலை நீங்க" என்று மனைவி கேலி செய்வாள். உண்மைதான், அன்றைக்குத் தையலைத் திருப்பிப் பார்க்க வழியில்லையே.

அந்தக் கோட்டு போன குளிர்காலத்தில் கிடைத்தது. கரும் சாம்பல் நிறம், சுத்தக் கம்பளி. மார்புப் பக்கம் பசையால் ஒட்டாமல் உள்ளே கேன்வாஸ் துணி வைத்துக் கையால் தைத்திருந்தார்கள். போட்டுப் பார்த்ததும் தோள் இரண்டும் எனக்கென்றே அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. நின்ற இடத்திலேயே நான் கொஞ்சம் உயர்ந்ததாகத் தோன்றியது. கோட்டுக்குக் கொடுத்ததைவிட அதைச் சலவை செய்து இடுப்பைப் பிடிக்கத்தான் அதிகம் செலவானது. கண்ணாடி முன் நின்றபோது, இனி எவன் கண்ணும் என் காலரிலிருந்து கீழே இறங்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் அத்தை மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். கையில் போன்.

"அது இன்னிக்கு வேணும்னு எனக்குத் தெரியாது மாப்ளே. அந்தப் பாத்திரக்காரியை எனக்கு லாலாகுடாலேருந்து தெரியும். போன் பண்ணிட்டேன். மூட்டையை பாலாநகர் குடோன்ல போட்டுட்டாளாம்."

"அங்கே என்ன பண்ணுவாங்க?"

"காட்டனெல்லாம் வெட்டிடுவாங்க. அந்தப் பக்கத்து ஃபாக்டரிக்கு மிஷின் துடைக்கப் போகும். கம்பளியெல்லாம் கட்டா கட்டி வடக்க அனுப்பிடுவாங்களாம். லாரி மத்தியானம் கிளம்புதாம்."

நான் கையில் கிடைத்த ஊதா சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். இஸ்திரிக்காரரிடம் கொடுத்திருந்த கறுப்புப் பேன்ட் ஒன்று தப்பித்திருந்தது, அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அத்தை தன் பழுப்புக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு அத்தை?"

"உங்களுக்கு அவங்ககிட்ட பேச வராது" என்றார். அது உண்மை. என் இந்தியைக் கேட்டால் ஆட்டோக்காரர்களே பரிதாபப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள்.

ஆட்டோ செகந்திராபாத் தாண்டும்வரை ஒவ்வொரு சிக்னலும் எங்களுக்காகவே சிவந்தது. நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. போவன்பல்லியில் ஒரு காய்கறி லாரி குறுக்கே நின்றுவிட, ஆட்டோவை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பாலாநகரில் அந்தக் குடோன் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் புழுதியும் பழைய வேர்வையும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பிளேடால் பொத்தான்களை அறுத்துப் பிளாஸ்டிக் வாளிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வரிசையில் பெரிய கத்திரிகள். என் நீல லினன் சட்டையை நான் அங்கேதான் பார்த்தேன். சட்டையாக அல்ல, சதுரங்களாக. பாக்கெட் இருந்த துண்டு மேலே கிடந்தது. வரியோடு வரி சேர்ந்த பாக்கெட். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஊல் கஹான் ஹை?" என்று அத்தை கேட்டார். கம்பளி எங்கே என்று.

ஒரு மூலையைக் காட்டினார்கள். அங்கே சாக்குக் கட்டுகள். கடைசிக் கட்டின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். பாதி தைத்தாகிவிட்டது. மீதி இடைவெளியில், ஸ்வெட்டர்களுக்கு நடுவே, கரும் சாம்பல் நிறத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குடோன்காரர் வந்து என் கையை எடுத்துவிட்டார். கட்டு எடை போட்டாகிவிட்டதாம், எடையைச் சொல்லியாகிவிட்டதாம், ஒன்றை எடுத்தால் கணக்கு குறையுமாம். பணம் தருகிறேன் என்றேன். "நக்கோ சாப்", வேண்டாம் என்றார். அங்கே பணத்துக்கு வேலையில்லை, எடைக்கு எடைதான் வேண்டும். வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

அத்தை முன்னால் வந்து பேச ஆரம்பித்தார். தெலுங்கு, உருது, நடுநடுவே தமிழ். "கைக்கு பய்யா, கைக்கு நை தேதே?", ஏன் தம்பி தர மாட்டாய் என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. எனக்குப் பாதிதான் புரிந்தது. மாப்பிள்ளை, வேலை, சின்னப் பெண் என்பதெல்லாம் காதில் விழுந்தது. அந்த மனிதர் மசியவில்லை. தராசைக் காட்டி, கம்பளிக்குக் கம்பளி போடு, எடுத்துக்கொள் என்றார்.

அத்தை தன் சால்வையை உருவித் தராசில் போட்டார். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. எடை கொஞ்சம் குறைந்தது. அத்தை அவரை முறைத்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, போகட்டும் என்று கையை ஆட்டினார்.

கோட்டு என் கைக்கு வந்தது. கசங்கியிருந்தது, பஞ்சு ஒட்டியிருந்தது, ஆனால் எங்கும் கிழியவில்லை. ஒரே ஒரு பொத்தான்கூட இல்லை. எல்லாவற்றையும் அறுத்துவிட்டிருந்தார்கள். வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடிவந்து அத்தையோடு மாதாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

கூகட்பல்லியில் வண்டி நகரவே இல்லை. ஓரமாக இருந்த ஃபேன்சி கடையில் ஊசியும் கறுப்பு நூலும் வாங்கி வந்தேன். அள்ளி வந்த பொத்தான்களை மடியில் கொட்டி, ஒன்றுபோல் தெரிந்த இரண்டைத் தேடியெடுத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு, "அப்படியே தைச்சிடுங்க அத்தை, நேரமில்ல" என்றேன்.

"கழட்டுங்க."

"அத்தை, டைம் ஆகுது."

"உடம்புல போட்டிருக்கறத தைக்கக் கூடாது. தரித்திரம். கழட்டுங்க மாப்ளே."

இந்த நேரத்தில் சாஸ்திரமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன். அந்த நெரிசலில், ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் துள்ள, அத்தை பொத்தான் தைத்தார். கோட்டை மடியில் விரித்துக்கொள்ளவில்லை. நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி வைத்தே தைத்தார். ஊசி விரலில் ஏறியபோதுகூடப் பிடியை மாற்றவில்லை. அடுத்தவர் போட்டது என்ற அருவருப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. போட்டதையும் போட்டுவிட்டு, இதில் அருவருப்பு வேறா?

கம்பெனி வாசலில் இறங்கும்போது மூன்றடிக்க ஐந்து நிமிடம். காவலாளி அத்தையை உள்ளே விடவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சைக் காட்டிவிட்டு ஓடினேன். லிஃப்ட்டில் ஈரக் கைக்குட்டையால் பஞ்சைத் துடைத்தேன். கண்ணாடியில் ஊதா காலர் சாம்பல் கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மேல் பொத்தானைப் போட்டேன்.

உள்ளே மூன்று பேர். அதில் ஒருவர் அந்தப் பழைய மேலாளர். ஒரு வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார், தவறு நம்முடையதுதான், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். காலையிலிருந்து கோபத்தைப் பல்லுக்கிடையே வைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. முதலில் அவர் முழுசாகப் பேசி முடிக்கட்டும், நான் குறுக்கே பேச மாட்டேன் என்றேன். பிறகு நேரம் போனதே தெரியவில்லை. மேலாளரின் கண் எங்கே போகிறது என்று பார்க்க மறந்துவிட்டேன். வெளியே உட்கார வைத்து, மறுபடி கூப்பிட்டு, கை கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து புதுப் பிரிவு.

கண்ணில் நீர் முட்டியது. கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவிவிட்டு, மனைவிக்குச் சொன்னேன். அவள் போனிலேயே அழுதாள்.

அத்தை அதே பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "கிடைச்சிருச்சு அத்தை" என்றேன். இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. அவருக்கு முட்டி வலி, மெட்ரோ படி ஏற முடியாது என்று ஆட்டோவிலேயே கிளம்பினோம்.

டிசம்பர் காற்று இரண்டு பக்கமும் வீசியது. அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உடம்பு லேசாக நடுங்கியது. சால்வை எனக்காகப் போனது. எனக்கு அதுவரை இருந்த கோபம் வெட்கமாக மாறியிருந்தது. கோட்டைக் கழற்றி அவர் தோளில் போடப் போனேன்.

"வேணாம்!" என்று சுருக்கென்று விலகினார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"குளிருதே அத்தை."

"நக்கோ மாப்ளே. என்மேல போடாதீங்க."

"இவ்வளவு அருவருப்பா இருந்தா எதுக்கு அதுக்காக ஓடி வந்தீங்க?" என்று கேட்டே விட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

அத்தை ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அருவருப்பு இல்ல. உங்க மாமனார் போனப்ப, காரியம் முடிஞ்சதும் அவர் துணியெல்லாம் வீட்ல வெச்சுக்கக் கூடாதுன்னாங்க. நானே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன். சட்டை, பேன்ட்டு, ரிட்டையர் ஆனப்ப தைச்ச கோட்டு, எல்லாம் ஒரே மூட்டை. இதே பாத்திரக்காரிதான். ஒரு அண்டா குடுத்தா. அன்னிலேருந்து ரோட்ல போற ஆம்பளைங்க மூஞ்சிய நான் பாக்கறதில்ல, சட்டையத்தான் பாக்கறேன். ஒரு தடவ தார்நாகா பஸ் ஸ்டாப்புல அவரோட கட்டம் போட்ட சட்டை. கைல நான் போட்ட தையலு இருந்துச்சு. பின்னாலயே நடந்தேன். அந்த ஆளு திரும்பி, என்னம்மா வேணும்னு கேட்டாரு. என்னன்னு சொல்றது?"

நான் கோட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"உங்க அலமாரியத் திறந்தா எல்லாம் அப்படித்தான் தெரியுது மாப்ளே. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒருத்தி நிக்கிற மாதிரி. என்னால முடியல. அதான் எடுத்துப் போட்டேன்."

மூன்று வருடமாகச் சந்தையில் தோளைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல கோட்டை உயிரோடு இருக்கிற எவன் கழற்றிக் கொடுப்பான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"இதை இனிமே போடல அத்தை" என்றேன்.

அத்தை அப்போதுதான் அந்தக் கோட்டை நேராகப் பார்த்தார். கையை நீட்டி அதன் காலரைத் தடவினார். ஒட்டியிருந்த ஒரு பஞ்சை எடுத்து வெளியே ஊதினார்.

"போடுங்க" என்றார். "இதை மூட்டை கட்டிக் குடுத்த அந்தம்மா இந்த ஊர்லதான் எங்கயாவது இருப்பா. என்னிக்காவது ரோட்ல பாப்பா. பாத்தா, நல்ல பிள்ளைகிட்டதான் போயிருக்குன்னு தெரியட்டும்."

நான் கோட்டைப் போட்டுக்கொண்டேன். வீடு வரும்வரை அத்தை என் கையைப் பிடித்தபடி வந்தார்.